ஆம்பிசிலின் பிளேட்டில் ஒரு காலனி கூட வரவில்லை, உதவி தேவை

வணக்கம். கோவை பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பயோடெக் எடுக்கிறேன். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் பழக்கம் ஒட்டிக்கொள்வதற்குள், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை விடை தெரியாத சோதனை ஒன்றைச் செய்ய வைக்க நினைத்தேன். கோடையில் ஆய்வகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது சொல்லவும் ஏதாவது வேண்டுமே.

டிஹெச்5ஆல்ஃபா என்ற ஈ.கோலை பாக்டீரியா செல்லுக்குள் பியுசி19 பிளாஸ்மிடை (ஆம்பிசிலின் எதிர்ப்பு ஜீன் உள்ள சிறு வட்ட டிஎன்ஏ) ஏற்றுகிறோம். அது உள்ளே போன செல் மட்டும்தான் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த பிளேட்டில் வளரும். செமஸ்டர் தொடங்கியதிலிருந்து இதே கதைதான். ஆம்பிசிலின் இல்லாத பிளேட்டில் பாய் விரித்த மாதிரி வளர்கிறது. ஆம்பிசிலின் பிளேட் வெறுமை. ஒரு பெண் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து மூலை மூலையாகத் தேடி, கடைசியில் நோட்டில் "0, ஓரத்தில் பூஞ்சை 1" என்று எழுதினாள். நேர்மையான குறிப்பு, அதுவரை சந்தோஷம்.

பார்த்தவை: ஜெல்லில் பிளாஸ்மிட் பேண்ட் தெளிவாக இருக்கிறது. ஆம்பிசிலின் புதிதாகக் கரைத்து, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமிலிருந்து 50க்குக் குறைத்தோம். பிளாஸ்மிட் உள்ளே போவதற்காகச் செல்லுக்குக் கொடுக்கும் 42 டிகிரி ஹீட் ஷாக்கை 30 முதல் 90 விநாடி வரை மாற்றினோம். செல்லைத் தயார்படுத்தும் கால்சியம் குளோரைடு 100 மில்லிமோலார், புதிதாகத் தயாரித்து ஐஸில் குளிர வைத்தது.

மைனஸ் 80 ஃப்ரீசர் கிடையாது; அதனால் ரெடிமேட் செல் வாங்க முடியாது, அன்றன்றைக்கே தயாரிக்கிறோம். செல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கலங்கலை வைத்து அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் ரிப்பேர். 600 நானோமீட்டர் ஃபில்டர் போட்ட பழைய கலரிமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.4 வந்ததும் செல்லை எடுக்கிறோம். எனக்குச் சந்தேகம் இந்த இடத்தில்தான்.

கலரிமீட்டர் மட்டும் வைத்துக்கொண்டு கம்பீட்டன்ட் செல் (பிளாஸ்மிடை ஏற்கத் தயாரான செல்) தயாரிப்பவர்கள், செல்லை எடுக்கவேண்டிய சரியான கட்டத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?