பவானி தேவியின் ஆட்டத்தை முதலில் எப்போது பார்த்தீர்கள்?

வடசென்னைக்காரன்:

2021 ஜூலை 26, காலை ஐந்தரை மணி. டோக்கியோ ஒலிம்பிக். வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், நான் டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த பெண் ஒலிம்பிக்கில் வாளோடு நிற்கிறார் என்றால், அந்த ஏரியாவிலேயே பிறந்த எனக்குத் தூக்கம் எங்கே வரும்? வாள்வீச்சில் இந்தியாவிலிருந்து ஒருவர் ஒலிம்பிக்கில் இறங்குவதே அதுதான் முதல் தடவை.

எதிரில் துனிசியாவின் நாடியா பென் அசிசி. விதிமுறை ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் ஓடிவருகிறார்கள், ஒரு சத்தம், ஒரு விளக்கு, பவானி கத்துகிறார், புள்ளி ஏறுகிறது. நிமிர்ந்து பார்த்தால் 8-0. கடைசியில் 15-3. அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் புரூனே. அப்போது உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம், பவானி 42. இடைவேளையில் 2-8, முடிவில் 7-15. அதே புரூனே அந்த ஒலிம்பிக்கில் தனிநபர் வெண்கலமும் குழுவில் வெள்ளியும் வாங்கினார்.

தோற்றபிறகு பவானி ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. யாரிடம் எதற்கு மன்னிப்பு?

என் ஆதங்கம் வேறு. அன்றிலிருந்து இன்றுவரை அவரைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் மூங்கில் குச்சி, அடகு வைத்த நகை, அப்பா கோயில் குருக்கள் என்றே ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். எப்படி ஆடுகிறார் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. இங்கே ஆடத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன். அந்த 8-0 எப்படி வந்தது?

பழைய சேபர் ஆட்டக்காரி:

அண்ணே, நான் கல்லூரி நாள்களில் மாவட்ட அளவில் ஆடியவள், அவ்வளவுதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை. முதல் இரண்டிலும் முனையால் குத்தினால்தான் புள்ளி. பவானி ஆடும் சேபரில் வாளின் விளிம்பால் வெட்டினாலும் எண்ணிக்கை உண்டு. இடுப்புக்கு மேலே தலை, கை, உடம்பு எங்கே பட்டாலும் சரி. அதனால் சேபர்தான் இருப்பதிலேயே வேகம். பல புள்ளிகள் இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும். நடுவர் 'அலே' என்றதும் நான்கு மீட்டர் இடைவெளியில் நிற்கிற இரண்டு பேரும் நடுவில் மோதுவார்கள். டிவியில் பார்ப்பவருக்கு அங்கே என்ன நடந்தது என்றே புரியாது. இரண்டு விளக்கும் சேர்ந்து எரியும், ஆனால் ஒருவருக்குத்தான் புள்ளி. தாக்குதலை யார் கையில் எடுத்தார் என்பதை நடுவர் பார்த்து முடிவு சொல்வார். வாளைவிடக் காலும் நேரமும்தான் முக்கியம் என்று எங்கள் கோச் தொண்டை வற்றக் கத்துவார்.

அந்த 8-0 எப்படி என்றால், துனிசியப் பெண் கொஞ்சம் திறந்த நிலையில் நின்றார். பவானி அதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் நேராகப் போய் வெட்டினார். யோசிக்கவே விடவில்லை. புரூனேயிடம் அது பலிக்கவில்லை. அவர் தூரத்தை ஓர் அடி கூட்டுவார், அரை அடி குறைப்பார், எதிராளி வாளை நீட்டும்வரை பொறுத்திருந்து, நீட்டிய பிறகு வெட்டுவார். ஆனால் ஒன்று கவனியுங்கள். சேபரில் ஒருவர் எட்டு எடுத்ததும் ஒரு நிமிட இடைவேளை. அதற்குப் பிந்திய பகுதியை மட்டும் தனியாக எடுத்தால் பவானி 5, புரூனே 7. உலகின் மூன்றாம் நிலை ஆட்டக்காரியிடம் அந்த ஒரு நிமிடத்தில் ஏதோ புரிந்துகொண்டு வந்து ஆடியிருக்கிறார். தோல்வியில் நான் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்று. 2007-ல் துருக்கியில் அவருடைய முதல் சர்வதேசப் போட்டி, வயது 14. மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்குக் கருப்பு அட்டை, போட்டியை விட்டே வெளியே. அதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஆடுகளத்துக்கு வருவதென்றால் சும்மா நடந்து வருவதில்லை. உள் ஜாக்கெட், அதன்மேல் மின்சாரம் கடத்தும் லாமே ஜாக்கெட், வாளைப் புள்ளிக் கருவியோடு இணைக்க முதுகு வழியாகச் சட்டைக் கைக்குள் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் எடுக்கும் பாடி வயர், மாஸ்க்கையும் லாமேயையும் இணைக்கும் கிளிப். இதில் ஒன்று வேலை செய்யவில்லை என்றாலும் நடுவர் தொடங்கவே மாட்டார். அதற்குள் பெயரைக் கூப்பிடுவார்கள், ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை. அந்த வயதில் புது நாட்டில், புரியாத மொழியில் அறிவிப்பு வந்தால் என்ன செய்வது?

வகுப்புக்கு வெளியே நிற்கும் அப்பா:

வடசென்னைக்காரரே, உங்கள் ஆதங்கம் சரி. ஆனால் மூங்கில் குச்சியை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. என் மகள் பென்சிங் வகுப்புக்குப் போகிறாள். காசு விஷயம் எனக்குத்தான் தெரியும்.

பவானி 2004-ல் பள்ளியில் சேர்ந்தபோது விளையாட்டுகள் ஒவ்வொன்றிலும் இடம் குறைவு. மற்றதெல்லாம் நிரம்பிவிட்டது, மீதி இருந்தது வாள்வீச்சு. விருப்பப்பட்டுத் தேடிப்போனதே இல்லை. பள்ளியில் அப்பாவின் ஆண்டு வருமானத்தைக் கேட்டிருக்கிறார்கள், ஏனென்றால் சாமான் விலை அப்படி. கூட்டித்தான் சொன்னேன் என்று பவானியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பத்து பதினோரு வயதுப் பிள்ளை! பயிற்சிக்கு மூங்கில் குச்சி, மின்சார வாள் போட்டிக்கு மட்டும். உடைந்தால் இன்னொன்று கிடைக்காது என்பதால்.

அது எவ்வளவு உண்மை என்று பிளேடு உடைந்த அன்று எனக்குப் புரிந்தது. இரண்டு பிள்ளைகள் மோதும்போது 'டப்' என்று ஒரு சத்தம், நுனித் துண்டு சுவரோரம் போய் விழுந்தது. என் மகள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள், அப்பாவிடம் காசு இருக்குமா என்பதுபோல. அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்ததும் பவானி தலைச்சேரியில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்துக்குப் போனார். கோச் சாகர் லாகு அங்கேதான். ஒரே மகளாக இருந்திருந்தால் நானெல்லாம் அனுப்பியிருப்பேனா, தெரியாது. அவர் அம்மா ரமணி நகையை அடகு வைத்து வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்பினார். 2014-ல் பிலிப்பைன்ஸில் 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் வெள்ளி வந்த பிறகு, ஜெயலலிதா அமெரிக்கப் பயிற்சிக்கு 3 லட்சம் கொடுத்தார். மெடல் வந்த பிறகுதான் காசு வரும். வருகிறவரைக்கும் குடும்பம்தான் தாங்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஆட்டத்தை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.

வடசென்னைக்காரன்:

ஒத்துக்கொள்கிறேன் சார். பாதிக் கதைக்கு இன்னொரு பாதியும் வேண்டும் என்றுதான் கேட்டேன்.

சேபர் அக்கா, இத்தாலிக்கு ஏன் போனார்?

பழைய சேபர் ஆட்டக்காரி:

லிவோர்னோ. சின்னத் துறைமுக ஊர்தான், ஆனால் சேபர் என்றால் அந்த ஊர் பெயர் வரும். 2004 ஏதென்ஸில் சேபர் தங்கம் எடுத்த ஆல்டோ மோன்டானோ அந்த ஊர்க்காரர். அங்கே நிக்கோலா சனோட்டியிடம் பவானி பல வருடம் பயிற்சி எடுத்தார். பெரிய காரணம் ஒன்றும் இல்லை: தினமும் உன்னைவிட நன்றாக ஆடுகிறவர்களோடு மோத வேண்டும். இங்கே அப்படி எத்தனை பேர்? கொரோனா ஊரடங்கில் சென்னை வீட்டு மொட்டை மாடியில் கிட் பையையே எதிராளியாக நிறுத்தி வெட்டிப் பழகினார். பை திருப்பி வெட்டாதே!

2017-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் நடந்த சாட்டிலைட் உலகக் கோப்பையில் (பெரிய உலகக் கோப்பைக்கு ஒரு படி கீழே உள்ள போட்டி) தங்கம். இறுதியில் பிரிட்டனின் சாரா ஜேன் ஹாம்ப்சனை 15-13. சர்வதேசப் போட்டியில் இந்திய வாள்வீச்சுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

ராத்திரி ஷிஃப்ட்:

எல்லாரும் டோக்கியோவையே பேசுகிறீர்கள். 2023 ஜூன், சீனாவின் ஊஷி, ஆசிய சாம்பியன்ஷிப். அதை யாருமே பார்க்கவில்லையா?

நான் வேலையில் இருந்தபடி போனில் புள்ளி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், வீடியோகூட இல்லை. காலிறுதியில் ஜப்பானின் மிசாகி எமுரா. 2022-ல் கெய்ரோவில் உலக சாம்பியன். சரி, இதோடு முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பவானி 15, எமுரா 10. பெயர்கள் இடம் மாறிவிட்டன என்றே நினைத்தேன். பக்கத்து சீட்டுக்காரனிடம் சொன்னால் "யாருப்பா அது?" என்கிறான்.

எமுரா அடுத்த மாதமே மிலானில் போய் மறுபடியும் உலக சாம்பியன் ஆனார். அதாவது இரண்டு உலகப் பட்டங்களுக்கு நடுவில் அவரைப் பிடித்து வெட்டியவர் நம் பவானி. அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஜெய்னாப் தாயிபெகோவாவிடம் 14-15. ஒரே ஒரு புள்ளி. ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு முதல் மெடலாக வெண்கலம் வந்தது. என்னைக் கேட்டால் டோக்கியோவைவிட இதுதான் பெரிய ஆட்டம். ஒலிம்பிக் இல்லை என்பதால் பேப்பரில் ஓரமாகப் போட்டார்கள்.

பழைய சேபர் ஆட்டக்காரி:

14-14 என்பது என்ன என்று ஆடியவர்களுக்குத்தான் தெரியும். எதிராளி என்ன செய்வார் என்று முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொண்டுதான் கிளம்ப முடியும். தப்பாகிவிட்டால் திருத்த நேரமே கிடையாது.

ராத்திரி ஷிஃப்ட் சொல்வதோடு நானும் ஒத்துப்போகிறேன். புரூனேயிடம் பொறுமையில் தோற்றவர், இரண்டு வருடத்தில் எமுராவைப் பத்து புள்ளியில் நிறுத்தியிருக்கிறார். பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை என்பதை வைத்து அவர் கதை முடிந்தது என்று எழுதினவர்களுக்கு இந்த ஸ்கோரைக் காட்ட வேண்டும்.

வகுப்புக்கு வெளியே நிற்கும் அப்பா:

அக்கா, ஒரு சந்தேகம். மகளுக்குச் சொந்தமாக முதலில் என்ன வாங்கிக் கொடுப்பது? கிளப்பில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள்.

பழைய சேபர் ஆட்டக்காரி:

எல்லாம் வேண்டாம் சார். கையுறையும் மாஸ்க்கும் முதலில். மாஸ்க்கை அளவு பார்த்து வாங்குங்கள், வளர்கிற பிள்ளை என்று பெரிதாக வாங்கினால் ஆடும்போது முகத்தில் கிடந்து சுற்றும். லாமேயை இப்போதைக்குக் கிளப்பிலேயே கேட்டு வாங்கிப் போடட்டும், அவள் உயரம் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாடி வயர் மட்டும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்டி அன்று ஒன்று கட்டாயம் வேலை செய்யாது.