பாகு: தெருவுணவும் ஒயினும் சேர்ந்த நடை. எதை முதலில், எவ்வளவு?

நடைக்கணக்கு (கேள்வி)

அக்டோபர் கடைசி வாரத்தில் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் ஒரு பிற்பகல் கையில் இருக்கிறது. வழிகாட்டியோடு போகும் தெருவுணவு, ஒயின் நடை ஒன்றைப் பதிவு செய்வதா, அதே வழியை நாங்களே நடந்துவிடுவதா என்று யோசனை. மொத்தம் ஐந்து பேர். ஒருவர் சைவம் (முட்டை பரவாயில்லை), ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், ஒருவருக்கு மது வேண்டாம். விளம்பரங்களில் எட்டு நிறுத்தம், நான்கு ஒயின் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். இதில் உண்மையில் எவ்வளவு வயிற்றுக்குள் போகும்? எந்த வரிசையில் போனால் நல்லது? எங்கே சொதப்பும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

சாஜ்சட்டி

முதலில் வழி. தாஸா பஜாரில் தொடங்கி, நிஜாமி தெரு வழியாக நீரூற்றுச் சதுக்கம், அங்கிருந்து கோஷா காலா இரட்டை வாசலில் நுழைந்து பழைய நகரமான இச்செரிஷெஹெர். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பலரும் பழைய நகரத்தில் தொடங்கிச் சந்தையில் முடிக்கப் பார்ப்பார்கள், அது தலைகீழ். சந்தைக் கடைகள் மாலையில் ஏறக்கட்ட ஆரம்பித்துவிடும். அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே பொழுதும் சாய்ந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கே சந்தையில் நில்லுங்கள்.

சந்தையில் வயிற்றை நிரப்பாதீர்கள். அங்கே வேலை நாக்குக்குத்தான்: ஊறுகாய் இரண்டு துண்டு, பெந்தீர் ஒரு துண்டு (நம் பனீரின் உறவுச் சொல், பாலாடைக்கட்டி, 'பெண்டிர்' என்று படித்துவிடாதீர்கள்), பருவப் பழம். நீங்கள் போகும் நேரம் மாதுளை, சீமைமாதுளை, பெர்சிமன் எல்லாம் குவிந்திருக்கும், ஃபெய்ஜோவாவும் வரத் தொடங்கியிருக்கும். மாதுளைச் சாற்றைக் கண்முன் பிழிந்தால் மட்டும் வாங்குங்கள். நெம்புகோலை ஒரேயடியாக அழுத்திக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் வெள்ளைத் தோலின் துவர்ப்பு இறங்கிவிடும். பழம் நல்லதாக இருந்தும் சாறு கசப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது குதாப்: உள்ளே கீரையோ இறைச்சியோ வைத்து மடித்த மெல்லிய ரொட்டி. இந்த நடையின் உயிரே அதுதான். மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவே, புளிக்க வைப்பதில்லை. கவிழ்த்த சட்டி போன்ற சாஜ் கல்லில் எண்ணெய் இல்லாமல் சுட்டு, எடுத்த பிறகு வெண்ணெய் தடவுவார்கள். கீரைக் குதாப், இறைச்சிக் குதாப், பூசணிக் குதாப் என்று மூன்று வகை பரவலாகக் கிடைக்கும். கீரைக்குத் தயிர், இறைச்சிக்குச் சுமாக் (புளிப்பான செந்நிறப் பொடி). தலைக்கு ஒன்று போதும். ஆறு வாங்கிப் பாதி பாதியாக வெட்டி மாற்றிக்கொண்டால் எல்லா வகையும் பார்த்துவிடலாம். சுட்டுப் போர்த்தி அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள். ஆவியில் தோல் தொளதொளத்து, ஓரம் ரப்பராகிவிடும்.

வழிகாட்டி நடைகள் சிலவற்றில் நீங்களே குதாப் தேய்த்துப் பார்க்கலாம். அரைக் கிலோ மாவுக்குச் சுமார் 250 மில்லி தண்ணீர், அரை மணி நேரம் ஊறல், எலுமிச்சை அளவைவிடச் சற்றுப் பெரிய உருண்டை, அடிப்பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசு. கீரையை உள்ளே வைத்து மடிப்பதற்கு முந்தைய நிமிடம்தான் அதில் உப்புச் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே போட்டால் கீரை நீர்விட்டு மடிப்பு கிழியும். புதிதாகச் செய்கிறவர்கள் இடறுவது இங்கேதான்.

மூன்றாவது, குளிர் ஏறும் நேரத்துக்கு தூஷ்பாரா: விரல்நுனி அளவு கொழுக்கட்டைகள் மிதக்கும் ஆட்டுச் சாறு. ஒரு கரண்டியில் எத்தனை அடங்குகின்றன என்பதுதான் செய்தவரின் கைத்திறனுக்கு அளவுகோல், பத்துக்கு மேல் என்றால் சபாஷ். இருவருக்கு ஒரு கிண்ணம். பிறகு உட்கார்ந்து ஒயின். கடைசியில் பாக்லாவா (பாகில் ஊறிய அடுக்கு இனிப்பு) தலைக்கு ஒரு துண்டு, தேநீர்.

தோனரை (கம்பியில் சுழற்றிச் சுட்டுச் சீவிய இறைச்சி) தவிர்க்கச் சொல்வேன். பாகுவில் தெருவுக்குத் தெரு கிடைப்பது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரொட்டியில் அடைத்த ஒரு முழுத் தோனர் சாப்பிட்டால் அதோடு நடை முடிந்தது. ருசி பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஐந்து பேருக்கு ஒன்று. பீட்டியையும் அன்று தொடவேண்டாம். மண்பானையில் கொண்டைக்கடலை, ஆட்டிறைச்சி, செம்மறியின் வால்கொழுப்பு சேர்த்து மணிக்கணக்கில் வேகும் ஷெக்கி ஊர்ப் பண்டம் அது. முதலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு மேலே சாற்றை ஊற்றிச் சாப்பிட வேண்டும். பிறகு மிச்சத்தை மசித்துச் சுமாக் தூவி இரண்டாம் பந்தி. அதற்குத் தனியாக ஒரு மதியம் ஒதுக்குங்கள்.

அரைக்கோப்பை

ஒயின் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

'நான்கு ஒயின்' என்று விளம்பரத்தில் இருந்தால் முதலில் கேட்கவேண்டியது: ஒவ்வொன்றும் எத்தனை மில்லி, எந்தத் திராட்சை? 50, 60 மில்லி என்றால் நியாயமான சுவைப்பு அளவு. நான்கு முறை 60 என்றால் 240 மில்லி. 13 சதவீத ஒயினில் அது சுமார் 25 கிராம் ஆல்கஹால். மூன்று மணி நேரத்தில், சாப்பாட்டோடு, நடந்துகொண்டே என்றால் தாங்கும். நீங்களே போனால் கணக்கு சுலபம். ஒரு 750 மில்லி குப்பியில் 60 மில்லி வீதம் பன்னிரண்டு ஊற்று வரும். உங்களில் குடிக்கிறவர்கள் நால்வர், ஆக மூன்று சுற்று. ஆளுக்கு ஒரு ஊற்று என்று நாலு குப்பி திறந்தால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். அதனால் கோப்பைக் கணக்கில் ஊற்றும் ஒயின் பாருக்கே போங்கள்.

திராட்சைப் பெயரைக் கேட்பது பந்தாவுக்கு அல்ல. அஜர்பைஜானின் சொந்த வகைகளில் வெள்ளை ஒயினுக்கு பயான் ஷிரா, சிவப்புக்கு மத்ரஸா (ஷமாஹி வட்டாரத்தில் அதே பெயருள்ள கிராமத்திலிருந்து வந்தது). ஊற்றித் தருவதில் பாதி ஜார்ஜியாவின் சபெராவியும் ர்கட்சிதெலியுமாகவோ, பிரெஞ்சு வகைகளாகவோ இருக்கலாம். கெட்டதல்ல, ஆனால் அவற்றை வேறு ஊர்களிலும் குடிக்கலாம். 1819-இல் ஜெர்மன் குடியேறிகள் அமைத்த ஹெலனெண்டோர்ஃப், அதாவது இன்றைய கோய்கோல், 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒயினுக்குப் பேர்போன ஊர். 1985-இல் கோர்பச்சேவின் மதுவிலக்கு இயக்கத்தில் ஏராளமான கொடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இன்று கோப்பைக்கு வரும் பல ஒயின்களின் தோட்டங்கள் அதற்குப் பிறகு நட்டவை.

வரிசை: கீரைக் குதாப்போடு குளிர்ந்த பயான் ஷிரா, இறைச்சிக்கு மத்ரஸா, விருப்பமிருந்தால் ஒரு சபெராவி, மாதுளை ஒயின் கடைசியில், பாக்லாவாவோடு. பழைய நகரத்து நினைவுப்பொருள் கடைகள் வாசலிலேயே மாதுளை ஒயினை நீட்டும். அதை முதலில் வாங்கிக் குடித்தால் அந்த இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் இனிப்பில்லாத உலர் ஒயின் எல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும். நடை கெட்டுப்போகும் வழிகளில் முதலிடம் இதற்குத்தான்.

லேபிள் சொற்கள்: 'ஆக்' வெள்ளை, 'கிர்மிஸி' சிவப்பு, 'கெம்ஷிரின்' அரை இனிப்பு, 'நார்' மாதுளை. மாதுளை ஒயின் வாங்கினால் அது மாதுளைச் சாற்றையே நொதிக்க வைத்ததா, திராட்சை ஒயினில் சாறோ மணமோ சேர்த்ததா என்று உட்பொருள் வரியைப் பாருங்கள். முதல் வகையில் மெல்லிய துவர்ப்பு இருக்கும், இரண்டாவது சர்பத் மாதிரி இருக்கும். சிவப்பு ஒயின் அறைச் சூட்டில் வெதுவெதுப்பாக வந்தால், பத்து நிமிடம் பனிக்கட்டி வாளியில் வைக்கச் சொல்லத் தயங்காதீர்கள். 16 முதல் 18 பாகை சரி, 25-இல் சாராய நெடிதான் முன்னால் நிற்கும்.

குப்பியைக் கையில் வைத்துத் தெருவில் குடிக்காதீர்கள். ஒயின் கூரைக்குக் கீழேதான்.

மது வேண்டாதவருக்குத் தார்ஹூன் கேட்டுப் பாருங்கள். டாராகன் இலையில் செய்யும் பச்சை நிறப் பானம், இலேசாகச் சோம்பு வாசனை. கண்ணைப் பறிக்கும் பச்சை என்றால் சாயம். உணவகத்தில் இலையைக் கசக்கிச் செய்தது வெளிறித்தான் இருக்கும்.

இலைக்கறி

சைவ நண்பருக்காக. மேலே சாஜ்சட்டி சொன்னதில் ஒரு சேர்க்கை: கீரைக் குதாப்புக்கும் இறைச்சிக் குதாப்புக்கும் பெரும்பாலும் ஒரே கல்தான். அது பிரச்சினை என்றால் முதல் ஈட்டிலேயே கீரையைப் போடச் சொல்லுங்கள். 'கோயெர்தி' என்றால் கீரை. 'எத்ஸிஸ்' என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பினால் சூப்பில் ஏமாறுவீர்கள். பருப்பு சூப்பில் இறைச்சித் துண்டு இருக்காது, அடிச்சாறு எலும்பில் எடுத்ததாக இருக்கும். தோவ்கா (தயிரும் கீரைகளும் அரிசியும் சேர்த்துக் காய்ச்சியது) பெரும்பாலும் சரி, சில வீட்டு முறைகளில் குட்டிக் கறி உருண்டை போடுவார்கள், கேளுங்கள். கரியில் சுட்ட கத்தரி, தக்காளி, மிளகாயை நறுக்கிய மங்கால் சாலட் நல்ல தேர்வு. அதில் வால்கொழுப்பு கலக்கவில்லையே என்று மட்டும் உறுதி செய்யுங்கள். கியூகியூ என்பது கீரை அடர்ந்த முட்டை அடை, உங்கள் நண்பருக்குப் பொருந்தும்.

தோல்மா எல்லாம், இலையில் சுற்றியதும் சரி, 'மூன்று சகோதரிகள்' என்ற பெயரில் வரும் கத்தரி, தக்காளி, குடைமிளகாயும் சரி, கொத்துக்கறி அடைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர் 'மால் எத்தி' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளட்டும், மாட்டிறைச்சி அதுதான். கூசு எத்தி என்றால் ஆட்டுக்குட்டி. இறைச்சிக் குதாப் ஆட்டில்தான் என்று ஏட்டில் இருக்கும், கடையில் இரண்டும் கலந்திருக்கலாம். 'எத்' தோனர் என்று மொட்டையாக இருந்தால் மாடு என்றே கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சிரிப்பு. சந்தையில் குங்குமப்பூவுக்குப் பக்கத்தில் 'சாரிகோக்' என்று ஒரு பொடியை ஒய்யாரமாக நீட்டுவார்கள். நம் வீட்டு மஞ்சள் தூள்தான்.

நடைக்கணக்கு

மிக்க நன்றி. இரண்டே சந்தேகம். தேநீருக்கு அதிகம் பிடுங்குவார்கள் என்கிறார்களே? அப்புறம், இவ்வளவு தெரிந்த பிறகு வழிகாட்டி தேவையா?

சாஜ்சட்டி

தேநீர்: 'சாய்' என்று மட்டும் சொன்னால் பழைய நகரத்தில் பல இடங்களில் ஒரு கூஜா தேநீர், முரப்பா நாலு வகை, பருப்பு, உலர்பழம் எல்லாம் மேசையில் வந்து உட்காரும். முரப்பா என்பது நம் இஞ்சி முரப்பாவின் அதே சொல்தான். அங்கே வெள்ளைச் செரி, வால்நட் பிஞ்சு, அத்தி என்று முழுப் பழத்தைப் பாகில் போட்டது. அந்த முழுத் தட்டுக்கும் சேர்த்துத்தான் பில். வெறும் தேநீர் வேண்டுமென்றால் 'யால்னிஸ் சாய்' என்று சொல்லி, மேசைக்கு வந்த தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்புங்கள். விலைப்பட்டியலைப் பார்க்காமல் எங்கேயும் உட்காராதீர்கள். சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள். 2017 முதல் ஒரு டாலருக்கு 1.70 மனாத் என்று நிலையாக இருப்பதால் மனக்கணக்கு எளிது.

வழிகாட்டி: குதாப், தேநீர், ஒயின் பார் மூன்றுக்கும் தேவையில்லை. சந்தைக்குத் தேவை. பேரமும் சுவைத்துப் பார்ப்பதும் அஜர்பைஜானியிலோ ரஷ்ய மொழியிலோதான் ஓடும், அங்கே மொழி தெரிந்தவர் இருந்தால் பத்து நிமிடத்தில் பத்துச் சுவை பார்க்கலாம். எழுதிக் கேட்டுக்கொள்ளவேண்டியவை: ஒயினும் தண்ணீரும் கட்டணத்தில் அடக்கமா, குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர் (எட்டுக்கு மேல் என்றால் குதாப் ஆறிப்போய்த்தான் கைக்கு வரும்), சைவத்துக்கு மாற்றாக எந்தப் பதார்த்தம் என்று பெயரோடு. 'ஏற்பாடு செய்யலாம்' என்ற பதில் வந்தால் ரொட்டியும் சாலடும் என்று அர்த்தம்.

அரைக்கோப்பை

ஒன்று விட்டுப்போச்சு. பழைய நகரத்துத் தெருக்கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும், மூன்றாவது கோப்பைக்குப் பிறகு இன்னும் வழவழக்கும். ரப்பர் அடிப்பாகமுள்ள செருப்பு போடுங்கள். வடக்கிலிருந்து ஹஸ்ரி காற்று கிளம்பினால் கடற்கரைப் பக்கம் பத்து நிமிடம்கூட நிற்க முடியாது, காதை மூட ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். நடை முடிந்து கடலோரம் போவதானால் நெஃப்ட்சிலர் சாலையைச் சுரங்கப்பாதையில்தான் கடக்க வேண்டும்.