மாத்திரைச் சீட்டு நான்கு மாதம் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது: மகனுக்கு டீ கொடுத்துப் பார்த்த அனுபவம்

கோத்தகிரி அம்மா:

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிற்காமல், அடங்கி உட்கார முடியாமல் இருக்கும் குறைபாடு) என்று கோயம்புத்தூரில் சொன்னது போன வருஷம் ஜூன் மாதம். ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. எங்களுக்கு ஒரு கேள்வித்தாள், வகுப்பு மிஸ்ஸுக்கு ஒரு கேள்வித்தாள். வீட்டிலும் பள்ளியிலும் இந்தப் பிரச்சினை ஆறு மாதத்துக்கு மேலாக இருக்கிறதா என்று விசாரித்து, காது, கண் சோதித்து, மூன்றாவது தடவை போனபோதுதான் சொன்னார்கள். மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு நான்கு மாதம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது.

என் மாமியார், "மூளைக்கு மாத்திரை குடுத்தா ஊரே புள்ளைய ஒரு மாதிரி பார்க்கும்" என்றார். வீட்டுக்காரருக்கு, பழகிப்போய் விட முடியாமல் ஆகிவிடுமோ என்று பயம். எனக்கு, அவன் துறுதுறுப்போடு அவன் சிரிப்பும் போய்விடுமோ என்று. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனார் ஒரு வீடியோ அனுப்பினார். இந்தப் பிள்ளைகளுக்குக் காபியோ டீயோ கொடுத்தாலே அடங்கிவிடுவார்கள், மாத்திரையே வேண்டாம் என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார். எங்களுக்கு இருப்பது ஒன்றேகால் ஏக்கர் தேயிலை. நம் கையால் பறித்துப் போடும் இலை நம் பிள்ளைக்கு என்ன கெடுதல் செய்துவிடும் என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர், பள்ளி விட்டு வந்ததும் ஒரு டம்ளர். ஆறு வாரம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதினேன்: எத்தனை மணிக்குத் தூங்கினான், வீட்டுப்பாடம் எவ்வளவு நேரம், எத்தனை தடவை எழுந்தான், என்ன சாப்பிட்டான். மிஸ்ஸிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. முதல் நான்கு நாள் நோட்டைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். "ஒரு பக்கம் முழுசா எழுதினான்" என்று இரண்டு கோடு போட்டிருக்கிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து வேறு கதை. ஒன்பதுக்குத் தூங்குகிறவன் பத்தரை, பதினொன்று ஆக்கினான். காலையில் எழுப்ப முடியவில்லை, எழுந்தால் அழுகை. நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு மூன்று தடவை திரும்ப வந்தது. ஆறாவது வாரம் பெற்றோர் கூட்டத்தில் மிஸ்ஸிடம், "இப்ப எப்படி இருக்கான்?" என்று மெதுவாகக் கேட்டேன். "அதே மாதிரிதாங்க. கொஞ்ச நாளா மதியத்துல தூங்கி வழியறான்" என்றார். டீயைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரே ஆள் அவர்தான். அந்தப் பதில்தான் என்னை நிறுத்தியது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். வீடியோவில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 1973இல் ஷ்னாக்கன்பர்க் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மாத்திரைக்குப் பதில் டீ, காபியில் இருக்கும் காஃபீன் உதவலாம் என்று எழுதியிருக்கிறார். ஆனால் அதே பத்தாண்டில் காஃபீனையும் மெத்தில்ஃபெனிடேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது மாத்திரைதான் தெளிவாக வேலை செய்தது. இரண்டுமே மூளையைச் சுறுசுறுப்பாக்கும் ஊக்கி வகைதான், ஆனால் செய்யும் வேலை வேறு. "களைப்பாக இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்லும் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தைக் காஃபீன் மறித்துக்கொள்கிறது. மெத்தில்ஃபெனிடேட்டோ, மூளையில் செய்தி கடத்தும் டோபமைன், நார்அட்ரினலின் இரண்டும் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. வீடியோக்காரர் 1973ஐச் சொன்னார், அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் உண்டு.

அளவுக் கணக்கும் அப்போதுதான் போட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு கப் டீயில், அதாவது 150 மில்லியில், 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் என்று இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பிள்ளைகளுக்குச் சொன்ன அளவு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம். என் மகன் 22 கிலோ, ஆக 66. நான் இரண்டு டம்ளர் கொடுத்தேன், அதுவும் எங்கள் வீட்டு டீ நல்ல டஸ்ட் போட்டுக் கொதிக்கவிட்டது. நடுவில் பாட்டி கொடுத்த அரை டம்ளர் கணக்கிலேயே இல்லை.

டாக்டரிடம் நோட்டோடு போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நோட்டை முழுக்கப் படித்துவிட்டு, "டீயை இட்லியோட குடுத்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.8, இரும்புச் சேமிப்பும் குறைவு. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது என்றும், இரும்பு குறைந்தாலே பிள்ளைக்குக் கவனமும் தூக்கமும் கெடும் என்றும் சொன்னார். மூன்று மாதம் இரும்பு டானிக். டீ அடியோடு நிறுத்தம். தூக்கம் சரியானது, முகம் தெளிந்தது. ஆனால் வகுப்பில் பாதி வாக்கியத்தில் எழுந்து போவது போகவில்லை. அதன் பிறகுதான், இந்த ஜனவரியில், அந்தச் சீட்டைப் புதுப்பித்து மாத்திரை ஆரம்பித்தோம். காலையில் மிகக் குறைந்த அளவு.

அவன் சிரிப்பு எங்கும் போகவில்லை. மதியச் சாப்பாடு பாதி திரும்பி வருகிறது, அது உண்மை. யாராவது இதே வழியில் போயிருந்தால் எழுதுங்கள்.

தாண்டிக்குடி தோட்டக்காரர்:

சகோதரி, நீங்க எழுதினதைப் படிச்சப்ப எங்க வீட்டுக் கதையையே படிச்ச மாதிரி இருந்துச்சு. நாங்க பழனி மலைல காபிக்காரங்க. வீட்டுல அடுப்பு பத்த வச்சா முதல்ல ஏறுறது டிக்காஷன்தான். என் மகனுக்கு வயசு 13. பரீட்சை நேரத்துல ஒரு டம்ளர் காபி குடிச்சா உக்காந்து படிக்கிறான்னு நானே பார்த்தேன், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இல்ல. முதல் டிக்காஷன் விழுந்த நாள் நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு கை நடுக்கத்தோட வந்து நின்னான். ரெண்டாம் டிக்காஷன் குடுத்த நாள் ஒரு மாற்றமும் இல்ல. ஒரே மரத்துக் கொட்டை, ஒரே ஃபில்டர். இதுக்கு நான் எப்படி அளவு வைப்பேன்?

மதுரைல காட்டினோம். பையன் அடிக்கடி கண்ணைச் சிமிட்டுவான், தோளைக் குலுக்குவான். அதனால ஊக்கி மாத்திரை வேண்டாம்னு அட்டோமாக்ஸெட்டின் குடுத்தாங்க. ஒண்ணு சொல்றேன், இது மறுநாளே தெரியுற மருந்து இல்ல. முதல் வாரம் குமட்டல், சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்கச் சொன்னதும் குறைஞ்சது. நாலு வாரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியல, நிறுத்திடலாம்னு என் வீட்டம்மாகிட்ட சண்டையே போட்டேன். ஆறாவது வாரம், சொல்லாமலே புத்தகப்பையை அடுக்கி வச்சிருந்தான்.

இன்னொண்ணு. பையனைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்த டாக்டரம்மா திடீர்னு என்னைப் பார்த்து, "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிப்பீங்க?"ன்னாங்க. ஆறு, ஏழுன்னேன். சின்ன வயசுல படிப்பு எப்படின்னு கேட்டாங்க. எட்டாவதோட நின்னவன் நான். வாத்தியார் கையால அடி வாங்காத நாள் கிடையாது. இது குடும்ப வழியில வர்றது அதிகம்னு சொன்னாங்க. வத்தலக்குண்டு பஸ்ல திரும்பி வர்ற வழி பூரா எங்க அப்பாவை நினைச்சுக்கிட்டு வந்தேன். நான் சேட்டைக்காரன் இல்லன்னு அவருக்குச் சொல்ல இப்ப அவர் இல்ல.

கூடலூர் டீச்சர்:

நான் எழுதுவது வகுப்பறையிலிருந்து. எங்கள் பள்ளிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. அம்மா விடிவதற்குள் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். பிள்ளை சாயத்தண்ணியும் (பாலில்லாத டீ) ரெண்டு பிஸ்கட்டும் முடித்துவிட்டு வந்துவிடும். பத்து மணிக்கு எனக்கு அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்: நெளிவது, அடுத்தவனைக் கிள்ளுவது, கரும்பலகையைப் பார்க்காதது. 2023இல் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு அவர்களில் பலர் அமைதியானார்கள். பசியைத்தான் நான் சேட்டை என்று நினைத்திருந்தேன். அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை.

ஆனால் ஒரு பெண் குழந்தை. உப்புமா சாப்பிட்டாலும், முன் பெஞ்சில் உட்கார்ந்தாலும், அவள் மனசு ஜன்னலுக்கு வெளியே போய்விடும். ஓட மாட்டாள், கத்த மாட்டாள், அதனால் மூன்று வருஷம் யாருமே கவனிக்கவில்லை. பள்ளிக்கு வரும் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவிடம் நான்தான் கூட்டிப் போனேன். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். கட்டணம் இல்லை. கோயம்புத்தூருக்கு அலைய வசதி இல்லாதவர்கள் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். தயவுசெய்து எங்களிடம் மறைக்காதீர்கள். மாத்திரை கொடுத்தாலும் டீ கொடுத்தாலும் சொல்லுங்கள். மதியம் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏன் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஊட்டி தாய்:

எல்லாருக்கும் மாத்திரைதான் முடிவுன்னு ஆகிடக் கூடாதுன்னு எழுதறேன். என் மகளுக்கு ரெண்டு வகை, மூணு அளவு பார்த்தோம். எடை ஏறவே இல்ல, ராத்திரி அழுவா. டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினோம், நாங்களா நிறுத்தல. இப்ப வேலையைத் துண்டு துண்டா பிரிச்சுக் குடுக்கறது, பத்து நிமிஷ மணி, முடிச்ச உடனே பாராட்டு, இதையெல்லாம் எங்களுக்குப் பயிற்சியாகவே சொல்லிக் குடுத்தாங்க. மெதுவாத்தான் போகுது. டீ நாங்களும் யோசிச்சோம். ஏற்கெனவே தூக்கம் வராத குழந்தைக்கு அது வேண்டாம்னு விட்டுட்டோம்.

குன்னூர் மருந்துக்கடை:

கடையில் நிற்கிறவன் என்பதால் இரண்டு விஷயம். மெத்தில்ஃபெனிடேட், விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள எக்ஸ் அட்டவணையில் வரும் மருந்து. அதற்குத் தனி உரிமம் வேண்டும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒரு பிரதியை நாங்கள் இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். மலையில் பல கடைகளில் கிடைக்காததற்கு அதுதான் காரணம். கடைக்காரர் "இல்லை" என்று முகத்தைச் சுளித்தால், மருந்து கெட்டது என்று அர்த்தம் எடுக்காதீர்கள். அப்படி நினைத்துத் திரும்பிப் போன ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். இரண்டாவது, மாத்திரை எடுக்கும் பிள்ளைக்கு டீ, காபி, எனர்ஜி டிரிங்க் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இரண்டுமே நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும். நாள் முழுக்க வேலை செய்யும் வகை மாத்திரையாக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் உடைத்தோ பொடித்தோ கொடுக்க வேண்டாம்.

கோத்தகிரி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. தாண்டிக்குடி அண்ணா, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை, எழுந்து போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டீச்சரம்மா, நாளைக்கே மிஸ்ஸிடம் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறையக் காலைச் சாப்பாடு, மருந்தின் வேகம் குறைந்த பிறகு சாயங்காலம் ராகிக் களியோ முட்டையோ. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். மாமியார்தான் இப்போது நாலாவது இட்லி இறங்கும் வரை மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். சாயங்கால டீக்குப் பதில் சுக்குமல்லி, காபித்தூள் கலக்காமல்.

மருந்துக்கடை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. மழைக்காலத்தில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் ரோடு இரண்டு மூன்று நாள் மூடிவிடும். கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்க முடியுமா?

குன்னூர் மருந்துக்கடை:

சீட்டில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு மாத்திரைகூட யாரும் தர முடியாதும்மா. ரோடு விஷயத்தை டாக்டரிடமே சொல்லுங்கள், அவர் எழுதுவதுதான் கணக்கு. முடியப் பத்து நாள் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.