ஒரே கிணறு, ஒரே சட்டிச் சோறு, இரண்டு விதமான சிறுநீரகக் கல். எப்படி?

வெல்லாவெளிப்_பையன்:
அப்பாவுக்கு 63 வயது, வயல்காரர், பத்து வருசமாகச் சீனி வருத்தம். போன மாதம் விலாவில் தொடங்கிய குத்து அடிவயிற்றுக்கு இறங்கி, மூன்றாம் நாள் சலத்தோடு (சிறுநீரோடு) கல் விழுந்தது. தேத்தண்ணி வடியில் பிடித்தோம். பயறு அளவு, செம்மஞ்சள், வழுவழுப்பு. யூரிக் அமிலக் கல் என்று றிப்போட் வந்தது. தங்கச்சிக்கு 29. இரண்டு வருசத்துக்கு முதல் அவளுக்கு எடுத்த கல் வெள்ளை, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அதில் மக்னீசியம் அமோனியம் பொஸ்பேற்று. கிணற்றுத் தண்ணிதான் காரணம் என்று ஊரே சொல்கிறது. அம்மா போத்தல் தண்ணி வாங்கச் சொல்கிறா, எருமைத் தயிரையும் நிறுத்திவிட்டா. சரியா?

கல்முனை_ஆய்வுகூடத்து_அக்கா:
தம்பி, தயிரை நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கோ. இந்த இரண்டுமே கல்சியம் ஒட்சலேற்றுக் கல் இல்லை. கல்சியம் ஒட்சலேற்றுக் கல் உள்ளவர்கூட சாப்பாட்டோடு தயிர் சாப்பிடலாம். தயிரின் கல்சியம் குடலிலேயே சாப்பாட்டில் உள்ள ஒட்சலேற்று உப்பைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடும்.

உலகத்தில் அதிகம் காண்பது அந்த ஒட்சலேற்றுக் கல்தான், அதுவும் நடுவயது ஆண்களிடம். வயது ஏற ஏற, சீனி வருத்தமும் சேர்ந்தால், சலம் புளித்துப்போகும். புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே போனால் யூரிக் அமிலம் கரையாமல் படிந்துவிடும். வயல் வெயிலில் வியர்த்து, தண்ணி குறைவாகக் குடித்தால் இன்னும் மோசம். ஊரின் பங்கு அங்கேதான், வெயிலில். இந்தக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும்.

தங்கச்சியுடையது தொற்றுக் கல். பெண்களுக்குச் சலத் தொற்று அதிகம், அதனால் இதுவும் அவர்களிடம்தான் கூட. சில கிருமிகள் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். சலம் காரமாகும், கல் வேகமாக வளரும், சிலருக்குச் சிறுநீரகம் முழுக்க மான்கொம்பு போலப் படரும். ஒரு துண்டு மிஞ்சினாலும் கிருமி அதற்குள்ளேயே இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அப்பாவின் கல்லைக் கரைக்கச் சலத்தைக் காரமாக்கும் மருந்து, பொட்டாசியம் சிற்றேற்று, வைத்தியர் தரக்கூடும். ஒரே வீட்டு வருத்தம்தானே என்று அதைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவளுக்குக் கல் வளரத்தான் அது உதவும். போத்தல் தண்ணிக்குச் செலவழிப்பதைவிட அவளுக்கு யூரின் கல்ச்சர் (சலத்தில் என்ன கிருமி என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கோ. காய்ச்சல் வந்துபோகிறதா?

அக்கரைப்பற்று_உம்மா:
என் மகனுக்கு 11 வயது. முதல் கல்லைச் சின்னப்பிள்ளைக்கு ஏதோ சூடு என்று கழிவறையில் போட்டுவிட்டேன். இரண்டாவதைக் கொண்டுபோனேன். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் படிந்த கல். மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் காட்டினார்கள்: சலத்தில் ஆறு மூலைப் படிகங்கள், தேன்கூட்டு அறை மாதிரி. பெற்றோர் இருவரிடமிருந்தும் வருகிற குறை என்று வைத்தியர் சொன்னார். நானும் மகனின் வாப்பாவும் மாமி மகன், மாமா மகள். இப்ப ராவில் இரண்டு தரம் பிள்ளையை எழுப்பித் தண்ணி குடிக்க வைக்கிறேன். அவன் கண்ணை மூடிக்கொண்டே குடிப்பான். முதல் கல்லையே சோதித்திருந்தால் அந்த இரண்டாவது வலி அவனுக்கு வந்திருக்காது என்று இன்னும் மனம் கிடந்து அடிக்கிறது. விழுகிற கல்லை யாரும் எறிய வேண்டாம்.

கல்முனை_ஆய்வுகூடத்து_அக்கா:
உங்களில் பிழை இல்லை, ராத்தா. கண்ணால் பார்த்து எது என்ன கல் என்று எங்களுக்கே சொல்ல ஏலாது. கழுவிக் காயவைத்து, சின்னப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்தால் போதும்.

வெல்லாவெளிப்_பையன்:
தங்கச்சியிடம் கேட்டேன். மூன்று மாதத்தில் இரண்டு தரம் குளிர்காய்ச்சல் வந்திருக்கிறது, ஒருவரிடமும் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் கிளினிக்குக் கூட்டிப்போகிறேன். அப்பா இப்ப வயலுக்கு இரண்டு லீற்றர் கான் கொண்டுபோகிறார், எங்கள் கிணற்றுத் தண்ணிதான்.