பகுதிநேர ஜிஎஸ்டி வேலை, 4 மணிக்குப் பள்ளி விடும்: ஒப்புக்கொள்ளுமுன் என்ன பேச வேண்டும்?

அம்பத்தூர் அம்மா:
வணக்கம். தனியாக வளர்க்கிறேன், வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை. மகள் மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. 9 முதல் 4 வரை. வரி ஆலோசகர் அலுவலகம் ஒன்றில் டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி வேலைக்குப் பகுதிநேரமாகக் கூப்பிடுகிறார்கள். "நேரம் உங்கள் வசதிப்படி" என்கிறார்கள். பேருந்தில் 40 நிமிடம். எதையெல்லாம் முன்பே பேசி முடிக்க வேண்டும்?

பேரேடு:
மணிக்கணக்கை விடத் தேதிகளைப் பேசுங்கள். இந்தத் தொழிலில் மாதம் ஒரே சீராக ஓடாது. கடைசித் தேதிகள் இவை: 7ஆம் தேதி டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வருமான வரி), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15 பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கு). காலாண்டுத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்றால் 13, 3பி என்றால் நம் மாநிலத்தில் 22. வியாபாரிகள் பில் கட்டைக் கடைசி நாளில்தான் கொண்டுவந்து போடுவார்கள், போர்ட்டலும் அன்றுதான் திணறும். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், பாக்கி வரிக்கு 18% வட்டி. அன்றைக்கு மூன்று மணிக்குப் பையை எடுத்தால் முகம் சுளிப்பார்கள்.

ஆகவே வேலையைப் பிரித்துக் கேளுங்கள். கொள்முதல், விற்பனைப் பதிவு, வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்தல் எல்லாம் உங்களுடையது. ஓடிபி வாங்கித் தாக்கல் செய்வது முழுநேர ஆளுடையது. 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வந்ததும் கொள்முதலோடு ஒப்பிடும் வேலை இருக்கிறதே, அது எக்செல் வேலை. குழந்தை தூங்கியபின் வீட்டிலேயே செய்யலாம். இந்தப் பிரிவினையை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு செப்டம்பர் ஆடிட் சீசனில் காணாமல் போகும்.

கொரட்டூர் வாசி:
40 நிமிடப் பயணத்துக்கு 3.20க்குக் கிளம்பினால் ஆபத்து. 2.45க்கு எழுந்துவிட வேண்டும். மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்தில்தான்; அது வரவில்லை என்றால் அடுத்த டீலக்ஸில் ஏறக் கையில் சில்லறை இருக்கட்டும். காலையில் பள்ளியிலேயே காலை உணவு உண்டு, அதனால் சற்று முன்பே விட்டுவிட்டு 9.30க்கு உட்காரலாம். ஆக, சுமார் ஐந்து மணி நேரம். அதற்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குழந்தையை அழைத்துவர மாற்று ஆள் ஒருவர் போதாது, இருவர் வேண்டும். அவர்கள் பெயர், புகைப்படம், கைப்பேசி எண்ணுடன் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து வகுப்பாசிரியருக்கும் ஒரு நகல் கொடுங்கள். கடிதம் இல்லாமல் போன் பண்ணிச் சொன்னால் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. அதே வகுப்புத் தாய் ஒருவர் என்றால் கைமாற்றாக வைத்துக்கொள்ளலாம்: தாக்கல் நெருக்கும் 10, 19, 20 தேதிகளில் அவர் உங்கள் மகளையும் அழைத்துவரட்டும், வேறு நாட்களில் நீங்கள் அவர் பிள்ளையை.

அம்பத்தூர் அம்மா:
நன்றி. மழை லீவுக்கு என்ன செய்வது? சம்பளம் மணிக்கா, மாதத்துக்கா?

பேரேடு:
அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆட்சியர் அறிவிப்பு பல நாள் விடிகாலையில்தான் வரும். பள்ளிக்கு விடுமுறை, அலுவலகத்துக்கு இல்லை. "பள்ளி விடுமுறை அறிவித்தால் வீட்டிலிருந்து வேலை" என்ற வரியை அந்த எழுத்திலேயே சேருங்கள். டாலி தரவு அலுவலகக் கணினியில் மட்டும் இருந்தால் அந்த வரி பயன்படாது. தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்றதைப் போட்டு, முதல் வாரமே வீட்டிலிருந்து திறந்து பார்த்துவிடுங்கள். அங்கே அந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தால்தான் இணைப்பு கிடைக்கும், எனவே காலையில் அதைப் போட்டுவிட ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

சம்பளத்தை எத்தனை நிறுவனக் கணக்குகள் என்று எண்ணிப் பேசுவதே நல்லது. மணிக்கணக்கில் வாங்கினால் மழை நாளும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளும் அப்படியே பிடித்தமாகும். ஆனால் ஒரு கணக்குக்கு மாதம் இத்தனை பில் வரை என்று உச்சவரம்பு வையுங்கள், இல்லையேல் பெரிய கடைகளாகப் பார்த்து உங்கள் தலையில் கட்டுவார்கள்.

கொரட்டூர் வாசி:
ஒன்று விட்டுப்போயிற்று. அலுவலகம் இஎஸ்ஐயில் இருந்து, சம்பளம் 21,000க்குள் என்றால் பகுதிநேர ஊழியருக்கும் பிடித்தம் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மகளின் மருத்துவமும் அதில் வரும். சேரும்போதே அவள் பெயரைக் குடும்ப விவரத்தில் பதியச் சொல்லுங்கள்.