எண்ணூர் அமோனியா கசிவு: செய்தியில் வரும் அளவை எப்படிப் படிப்பது?

கழிமுகம்:
வணக்கம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடி அமோனியா குழாய் கசிந்தது. 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். விடிந்ததும் ஒரு செய்தியில் 'அனுமதித்த அளவைவிட 5 மடங்கு', இன்னொன்றில் 'நிலைமை கட்டுக்குள்'. இதனால் சேனல், பேப்பர் எதையும் நம்ப முடியாது என்ற எண்ணம் கரையோர ஊர்களில் ஊறிப்போய்விட்டது. எது சரி என்பதை ஒரு சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது?

மில்லிபார்:
இரண்டு செய்தியும் ஒரே பிரஸ் நோட்டின் இரண்டு துண்டுகள். மாசு கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது: ஆலை வாசலில் காற்றில் அமோனியா கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் (வரம்பு 400), கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் (வரம்பு 5). 2,090-ஐ 400-ஆல் வகுத்தால் 5 மடங்கு. கணக்கு சரி. ஆனால் அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. கசிவு தொடங்கிச் சில மணி நேரம் கழித்துப் போய் எடுத்த அளவை அதோடு வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது.

அதை பிபிஎம்-மாக (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு வாயு என்ற கணக்கு) மாற்றிப் பாருங்கள். அமோனியாவுக்கு 1 பிபிஎம் என்பது கனமீட்டருக்குச் சுமார் 700 மைக்ரோகிராம். அப்படியானால் 2,090 என்பது ஏறக்குறைய 3 பிபிஎம். தொழிற்சாலைக்குள் 8 மணி நேர வேலைக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பே 25 பிபிஎம். 3 பிபிஎம்மில் ஊரே வாந்தி எடுத்து, மூச்சுத் திணறி, ராத்திரியில் வீட்டை விட்டு ஓடாது. மக்கள் சுவாசித்த அளவு வேறு, கருவி பார்த்த அளவு வேறு. உச்சம் கடந்த பிறகு மிச்சத்தைத்தான் அளந்திருக்கிறார்கள். செய்தியாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'எத்தனை மணிக்கு அளந்தீர்கள்?' அதைக் கேட்காமல் '5 மடங்கு' என்று போட்டாலும் தவறு, 'கட்டுக்குள்' என்று போட்டாலும் தவறு.

தினசரி காற்றுத்தரக் குறியீட்டிலும் இதே சிக்கல்தான். 2 மணி நேரம் 4,000 மைக்ரோகிராம், மீதி 22 மணி நேரம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி சுமார் 350 வரும். 400-க்குக் கீழே இருப்பதால் அமோனியாவைப் பொறுத்தவரை அந்த நாள் 'திருப்திகரம்' பட்டியலில் போய்விடும்.

கச்சான்காற்று:
'அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும்' என்று இதுபோன்ற கசிவின்போதெல்லாம் யாராவது சொல்வார்கள். வாயுவுக்கு அது சரி. இந்தக் குழாயில் போவது மைனஸ் 33 டிகிரி அளவில் குளிர்வித்த திரவம். கப்பலிலிருந்து இறக்குவதற்கு முன் குழாயைக் குளிர்விக்கும் கட்டத்தில்தான் கசிவே நடந்தது. குளிர்ந்த அமோனியா ஈரக்காற்றோடு கலந்தால் வெண்புகை மாதிரி தரையோடு தவழும். பாயில் படுத்திருப்பவர்தான் முதலில் அதில் மாட்டுவார். ஈரத்துணியை மூக்கில் வைப்பது இதற்கு ஓரளவு உதவும், அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் போன்றவற்றுக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

நாமே அளக்கலாம் என்று சிலர் சென்சார் வாங்குகிறார்கள். சந்தையில் கிடைக்கும் சாதாரண கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் 0 முதல் 100 பிபிஎம் வரை, ஒரு பிபிஎம் படிகளில் காட்டும். 400 மைக்ரோகிராம் என்பது 0.6 பிபிஎம்கூட இல்லை, அதில் தெரியாது. நிறம் மாறும் கண்ணாடிக் குழாய் பரவாயில்லை, ஆனால் அது காரத்தன்மைக்கு நிறம் மாறுவது. கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் மீனிலிருந்து வரும் அமீன்களுக்கும் (அமோனியா போலவே காரத்தன்மை உள்ள வாயுக்கள்) மாறிவிடும். அந்த ஒரு படத்தை வைத்தே 'மக்கள் பொய் சொல்கிறார்கள்' என்று முடித்துவிடுவார்கள். ஆலைக்குக் காற்று வரும் பக்கத்தில் ஒன்று, ஆலையைத் தாண்டிக் காற்று போகும் பக்கத்தில் ஒன்று எடுத்து, இரண்டிலும் நேரத்தை எழுதி வையுங்கள்.

விசாகை:
முதல் நாள் செய்தியை வைத்து காரணத்தை முடிவு செய்யாதீர்கள் என்பதற்கு விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் போதும். 2020 மே 7 அன்று அந்த ஆலையில் ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தார்கள். முதலில் 'ஊரடங்கு முடிந்து திறக்கும்போது நடந்த விபத்து' என்றே பேசப்பட்டது. ஜூலையில் உயர்மட்டக் குழு அறிக்கை வந்த பிறகுதான் ஸ்டைரீன் வைத்திருந்த எம்6 தொட்டியில் வெப்பநிலை அடிப்பகுதியில் மட்டும் அளக்கப்பட்டது, மேல்பகுதி சூடேறியது யாருக்கும் தெரியவில்லை, ஸ்டைரீன் கட்டிப்படாமல் தடுக்கும் டிபிசி என்ற வேதிப்பொருள் கையிருப்பில் இல்லை, சைரனை இயக்க 36 இடங்கள் இருந்தும் ஒன்றும் அழுத்தப்படவில்லை என்பதெல்லாம் தெரிந்தது. அதற்குள் கேமராக்கள் வேறு ஊருக்குப் போய்விட்டன.

எல்லா பத்திரிகையையும் ஒதுக்கிவிடவும் கூடாது. போபால் விஷவாயு விபத்து வரப்போவதை 1982-லேயே தன் சிறு வார இதழில் எழுதியவர் ராஜ்குமார் கேஸ்வானி. உள்ளூர்க்காரர் எழுதியதை பெரிய இடங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கழிமுகம்:
நன்றி. அப்படியானால் அந்த 'எத்தனை மணிக்கு' என்ற விவரத்தை யாரிடம் வாங்குவது?

மில்லிபார்:
தகவல் உரிமைச் சட்டப்படி, வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம், ஆனால் அதை மனுவின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். 'காற்று பாதுகாப்பானதா?' என்று கேட்டால் கருத்து கேட்கிறீர்கள் என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: மாதிரி எடுத்த களத்தாளின் நகல், தொடங்கிய மற்றும் முடித்த நேரம், இடம், கருவியின் மாடல், கடைசியாக அளவுதிருத்தம் செய்த தேதி.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆணைகளையும் பாருங்கள். கசிந்தது 67.6 டன், மிக்ஜாம் புயலில் நகர்ந்த பாறைகளால் குழாய் சேதமாகியிருக்கலாம், 5.92 கோடி ரூபாய் இழப்பீடு என்பதெல்லாம் 2024-இல் நிபுணர் குழு அறிக்கையில் வந்தவை. முதல் நாள் எந்தச் செய்தியிலும் டன் கணக்கு இருந்திருக்க வழியே இல்லை.

கச்சான்காற்று:
இன்னொன்று. ஓபி சீட்டில் 'கண் எரிச்சல், வாந்தி' என்று மட்டும் இருந்தால் பின்னால் எந்தக் கணக்கிலும் அந்த ஆள் வரமாட்டார். 'அமோனியா சுவாசித்ததால்' என்று மருத்துவரிடம் அன்றைக்கே எழுதி வாங்கி, தேதியும் நேரமும் தெரியும்படி போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.