மின்னணுப் பொறியியல் படிக்கக் கோலாலம்பூரா, பினாங்கா?

கேள்வி (திருச்சி): முதுகலைப் படிப்புக்குக் கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் எனக்கு இடம் கிடைத்துள்ளது. பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் தங்கிப் படிக்கவே மனம் விரும்புகிறது. அங்கு வாழும் அண்ணன்மாரும் அக்காமாரும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (பினாங்கு): தம்பி, அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் தீவில் இருந்தாலும் அதன் பொறியியல் வளாகம் பெருநிலத்தில், நிபோங் திபாலில் உள்ளது, ஆகவே ஜார்ஜ் டவுனில் அறை எடுத்தால் நாள்தோறும் பாலத்தைக் கடந்தாக வேண்டும், சொந்த வாகனம் இல்லாதவருக்கு அது பெரும் சிரமம். வளாக விடுதியிலோ அதன் அருகிலோ தங்குங்கள். ஊர் சிறியது என்பதற்காகத் தயங்க வேண்டாம். 1972 முதல் மின்னணுச் சில்லு நிறுவனமான இன்டெல் இயங்கிவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இம்மாநிலத்தில்தான் இருக்கிறது. உங்கள் துறைக்கு அதைவிடப் பொருத்தமான அண்டை அமையாது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி (கோலாலம்பூர்): அக்கருத்து சரியே. ஆயினும் வாகனமின்றி வாழக் கோலாலம்பூரே எளிது. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள யுனிவர்சிட்டி எல்.ஆர்.டி. (இலகு ரயில்) நிலையத்திலிருந்து நான்காவது நிறுத்தம், நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல். அதையொட்டிய பிரிக்பீல்ட்ஸில் நம் சாப்பாட்டுக் கடைகளும் கோயில்களும் நிறைந்துள்ளன. வாடகைதான் கூடுதல், அதற்கு வீட்டில் இப்போதே திட்டமிடுங்கள்.

கேட்டவர்: இருவருக்கும் நன்றி. நிபோங் திபால் விடுதியில் வெளிநாட்டு முதுகலை மாணவருக்கு அறை கிடைக்குமா என்று இன்றே எழுதிக் கேட்கிறேன்.